அப்பத்தா கையில் இருந்த கோலம்: ஒரு முதல் டாட்டூவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் சிறிய டாட்டூ கடை நடத்துகிறேன். இங்கே எழுதுவது ஒரே ஒரு வாடிக்கையாளரின் முதல் டாட்டூ பற்றி. முதல் பேச்சுக்கும் ஊசி வைத்ததற்கும் நடுவில் பத்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. முதல் டாட்டூவில் டிசைனும் இடமும் எதை வைத்து முடிவாகின்றன என்று காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று என் குறிப்பேட்டில் இல்லை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்த பெண்ணுக்கு அப்போது வயது 22. சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். மதுரையில் விடுதியில் தங்கி ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவரை வளர்த்த அப்பத்தா அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தார். அப்பத்தாவின் முன்கையில் பச்சை குத்திய கோலம் ஒன்று உண்டு. அந்தக் கோலமும் அதன் கீழே அப்பத்தாவின் பெயரும் தன் வலது மணிக்கட்டின் உள்பக்கம் வேண்டும் என்று கேட்டார். எல்லாம் சேர்த்து ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். கையிருப்பு 1,500 ரூபாய்.

போனில் இரண்டு படங்கள் வைத்திருந்தார். ஒன்று, அப்பத்தா வெற்றிலை மடிக்கும்போது எடுத்தது. அதில் கை பாதி தெரிந்தது. இன்னொன்று, ஏதோ ஒரு செயலியில் பெயரை அழகெழுத்தில் அடித்து எடுத்த படம்.

முதலில் கவனித்தவை

பெயரில்தான் முதல் சிக்கல். முதலெழுத்து 'பொ'. அந்தச் செயலியில் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் இது வழக்கமாக நடப்பதுதான். ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறிய பச்சையோடு திரிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டென்சில் (ஊசி வைக்கும் முன் தோலில் ஒட்டி எடுக்கும் மாதிரிக் கோடு) எடுத்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, போட்டுக்கொண்டவர் ஆர்வத்தில் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்தைத் திருத்திவிடலாம். அளவு அப்படியில்லை. ஒன்றரை அங்குலத்துக்குள் கோலமும் போய்ப் பெயரும் போனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு மில்லிமீட்டர் உயரம்கூடக் கிடைக்காது. ன-வின் இரண்டு சுழிக்குள்ளும் இருக்கும் வெற்றிடம் மயிரிழை அகலம்தான் வரும். மை நிற்பது மேல்தோலில் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் உள்தோலில், ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது. அங்கே உள்ள செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை செத்தால் அடுத்த செல்கள் எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கைமாற்றத்தில் கோடு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் தடிக்கும். அப்போது முதலில் அடைவது சுழி. புள்ளி எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, காது. இடது காதில் இரண்டாவதாகக் குத்திய துளையின் பின்புறம் மிளகு அளவுக்கு ஒரு தழும்பு மேடு இருந்தது. குத்தி இரண்டு வருஷமாகியும் அமுங்கவில்லையாம். காயம் ஆறும்போது தழும்பு வளர்கிற உடல்வாகு சிலருக்கு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சு, தோள், முதுகின் மேல்பகுதி மூன்றும் மோசமான இடங்கள். மணிக்கட்டில் ஆபத்து குறைவு என்றாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நாலாவது விஷயம் கிளம்பும்போதுதான் வெளியே வந்தது. "அண்ணே, ஞாயித்துக்கிழமை போட முடியாது, எனக்கு கிரவுண்டு இருக்கு" என்றார். என்ன கிரவுண்டு என்று கேட்டதில், மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் எஸ்.எஸ்.சி. ஜி.டி. காவலர் தேர்வு எழுதிவிட்டு ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பெண்களுக்கு 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிஷத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் மருத்துவப் பரிசோதனை.

அதைக் கேட்டதும் அளவெடுத்த டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

முதல் முடிவு: தள்ளிப்போடுவது

அந்தப் படைகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல் டாட்டூவை அடியோடு தடுக்கவில்லை. என்ன, எங்கே, எவ்வளவு என்று மூன்றைப் பார்க்கிறார்கள். மதச் சின்னமோ மத உருவமோ பெயரோ இருக்கலாம். முன்கையின் உள்பக்கம் இருக்கலாம், ஆனால் இடது கையில் மட்டும். சல்யூட் அடிக்கும் வலது கையில் கூடாது. புறங்கையும் ஏற்கப்படும். அளவு, அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவர் கேட்டதோ வலது மணிக்கட்டு. அன்றைக்கே போட்டுவிட்டிருந்தால் ஓட்டத்தில் ஜெயித்தும் கையால் தோற்றிருக்கக்கூடும்.

இடது கைக்கு மாற்றினால் போதுமா என்று கேட்டார். பெயர் என்றால் விதியில் நேராகவே இருக்கிறது. கோலத்தை மதச் சின்னமாக எடுத்துக்கொள்வார்களா, வெறும் அலங்காரம் என்பார்களா என்பது அன்றைக்கு உட்காரும் மருத்துவர்களின் கையில். அதற்கு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று சொன்னேன். பரிசோதனை முடியும்வரை எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. அவருக்கு வருத்தம்தான். அப்பத்தாவின் முதல் திதிக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

லேசர் இருக்கிறதே, வேண்டாமென்றால் எடுத்துவிடலாமே என்று இந்த இடத்தில் பலர் கேட்பார்கள், இவரும் கேட்டார். கறுப்பு மையை லேசரில் எடுக்கலாம்தான். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறிலிருந்து எட்டு வாரம் விட வேண்டும், பல தடவை போக வேண்டும், போட்ட செலவைப் போலப் பல மடங்கு ஆகும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகவும் வாய்ப்புண்டு. தழும்பு வளரும் உடம்புக்கு அதை ஒரு வழியாகவே நான் சொல்வதில்லை.

மூலத்தைத் தேடிப் போனது

வெற்றிலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோலத்தின் நடுவில் ஒரு கறுத்த சதுரம். சுற்றிலும் நாலு திசையில் ஏதோ இதழ் மாதிரி. பூவா, தேளா, வெறும் முடிச்சா என்று தெரியவில்லை. ஊகித்து அழகாக வரைந்து கொடுப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் அவர் கேட்டது அப்பத்தாவின் கோலம்.

அவருடைய சின்ன அப்பத்தா ஊரில் இருந்தார், எண்பதைத் தாண்டியவர். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே திண்ணையில் குத்தியதாம். ஒரு விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். ஓ.எச்.பி. தாள் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றும் நுனி மெல்லிய மார்க்கரும் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது எனக்கே பாடம். தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது. கோடுகள் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குப் பரவியிருந்தன. சும்மா பார்த்தால் நடுவில் அதே கறுத்த சதுரம்தான். மருமகள் முழங்கைப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் பிடித்துத் தோலை மெல்ல இழுத்தார். சதுரத்துக்குள் வெளிச்சம் விழுகிற மாதிரி ஐந்து புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. அவற்றைச் சுற்றி வந்த கோடும் தெரிந்தது. அறுபது எழுபது வருஷத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. இதழ் என்று நினைத்தது, கோடு மூலையில் திரும்பும் இடத்து வளைவு.

தாளை மேலே வைத்து நகல் எடுத்தேன். எடுக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். குத்த வந்த அம்மாளுக்கு ஒரு படி நெல்லும் பழைய சேலையும் கூலியாம். அகத்திக்கீரையும் மஞ்சளும் வைத்த துணித் திரியை எரித்துப் பிடித்த கரிதான் மை. அழாமல் இருக்கப் பாட்டு பாடுவார்களாம். "நான் கையை உதறிட்டேன், அக்கா அசையாம இருந்துச்சு. அதான் அதுது நேரா இருக்கும், எனக்குக் கோணல்" என்றார். அப்புறம் பேத்தியிடம், "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்டீ, நகையெல்லாம் கழட்டிக்கிருவாக" என்றார். அது கிராமத்தில் எல்லாரும் சொல்வதுதான், இருந்தாலும் பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

பேத்தியின் அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. "எங்க ஆத்தா காலத்துல பச்சை குத்தலைன்னா பொண்ணு எடுக்க மாட்டாக. இப்ப குத்துனா எடுக்க மாட்டாக. இவ எந்தக் காலத்துல இருக்கா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பேச வேண்டியது அவர்கள் இருவரும்.

இரண்டாவது முடிவு: டிசைன்

சில மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். ஓட்டத்தில் சில வினாடிகளில் தவறிவிட்டார். வயது வரம்பு 23 என்றாலும் பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றாண்டுச் சலுகை உண்டு. மறுபடி எழுதப் போவதாகச் சொன்னார். ஆனால் டாட்டூவுக்கு இனி காத்திருக்க மனமில்லை. விதியைத் தமிழில் எழுதிக் கொடுத்து, எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துக் காட்டினேன். கோலம் பற்றிய சந்தேகம் தனக்குத் தெரியும் என்று படிவத்தில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். வயது வந்தவர், விவரம் தெரிந்தவர். அதற்கு மேல் மறுப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

பெயரை இப்போதைக்கு விடுவது என்று முடிவானது. பெயர் தெளிவாக நிற்க எழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும், அப்படிப் போட்டால் கோலத்தை அமுக்கிவிடும். சின்ன அப்பத்தாவின் கையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இதை நான் விளக்கவே தேவைப்படவில்லை. "அந்தப் புள்ளியே ஒண்ணாயிருச்சுன்னா எழுத்து என்ன ஆகும்ணே" என்று அவரே சொன்னார்.

கோலத்தின் அளவு இரண்டுக்கு இரண்டு அங்குலம். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் எங்குமே மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி. ஏழு ஊசி லைனரில் (கோடு போடும் ஊசிக்கட்டில்) கோடு, கறுப்பு மை மட்டும். நிழல், சாம்பல் பூச்சு, வண்ணம் எதுவும் இல்லை. மைக்கு மேலே தோலின் சொந்த நிறம் திரைபோல இருக்கிறது. மாநிறத்துக்கு அடியில் வெளிர்ச் சாயங்கள் சீக்கிரம் மங்கித் தெரியும். சிவப்பு மையில் ஒவ்வாமை மற்ற நிறங்களைவிட அதிகம் வருவதும் ஒரு காரணம்.

இங்கே விலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளைப் போல என் கடையிலும் சதுர அங்குலக் கணக்குதான், அப்போது 600 ரூபாய். இந்தக் கணக்கே வாடிக்கையாளரைச் சின்னதாகக் கேட்க வைக்கிறது. காசு மிச்சம் என்று நெருக்கி வரைந்த டிசைன்தான் ஐந்தாறு வருஷத்தில் கலங்குகிறது. இவருக்கு நாலு சதுர அங்குலம், 2,400 ஆனது. கோலத்தில் பாதிக்கு மேல் வெறும் தோல்தான். அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவது நியாயமா என்று யோசித்து 1,800-க்கு முடித்தேன்.

மூன்றாவது முடிவு: இடம்

இடது முன்கையின் உள்பக்கம் என்று விதியே சொல்லிவிட்டது. அதில் எங்கே என்பதுதான் கேள்வி. உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கைத் தோலும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், மணிக்கட்டை நெருங்க நெருங்க முறுக்கு கூடும். பூவோ பறவையோ என்றால் கண்ணுக்குத் தெரியாது. கோலத்தில் நேர்ப்புள்ளி வரிசை இருக்கிறதே, அது கொஞ்சம் சாய்ந்தாலும் பளிச்சென்று தெரியும். முழங்கை மடிப்புக்கு அருகிலும் கூடாது. மடிந்து விரியும் தோலில் மை சீராக நிற்காது. அதனால் மடிப்பிலிருந்து நாலு விரல் தள்ளி, முன்கையின் சதைப்பற்றான பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். அளந்து பார்த்ததில் உள்பக்கப் பரப்பில் கால் பங்குக்கு நன்றாகவே குறைவாக வந்தது.

ஸ்டென்சிலை மேசையில் கையை நீட்டி வைத்து ஒட்டவில்லை. எழுந்து நின்று கையை இயல்பாகத் தொங்கவிடச் சொல்லி ஒட்டினேன். முதலில் ஒட்டியது கண்ணாடியில் பார்க்கச் சாய்ந்திருந்தது, துடைத்துவிட்டு மறுபடி. ஊதா மை காய்ந்ததும் ஊசியைத் தொடாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முழுக்க அதோடு வேலைக்குப் போகட்டும், பேருந்தில் கம்பியைப் பிடிக்கட்டும், யாராவது கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்க்கட்டும். மறுநாள் வந்து இடம் சரி, ஒரு விரல் மட்டும் மேலே ஏறட்டும் என்றார்.

தழும்புக்குத் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். காதில் இருப்பது அந்தத் துளையின் எல்லையைத் தாண்டிப் பரவவில்லை, இருந்தாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது என்றாராம். கோலத்தின் நடுப்புள்ளி வரப்போகும் இடத்தில் அந்த ஒரு புள்ளியை மட்டும் போட்டு மூன்று மாதம் காத்திருந்தோம். மேடு எழும்பவில்லை, அரிப்பும் இல்லை.

போட்ட நாளும் அதற்குப் பின்னும்

போட்ட நாளில் சொல்லும்படி எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், ஊசிக் கார்ட்ரிட்ஜ் அவர் கண் முன்னால் பிரிக்கப்பட்டது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து ரத்தம் கொடுப்பவர் என்பதால் இனி 12 மாதம் கொடுக்க முடியாது என்பதை முன்பே சொல்லியிருந்தேன்.

சிக்கல் நாலாம் நாள் வந்தது. படம் அனுப்பினார்: கோலத்தின் மேல் பாதியில் சின்னச் சின்னக் கொப்புளம், சுற்றிலும் சிவப்பு. நேரில் வரச் சொல்லிப் பார்த்தேன். சூடு இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, சிவப்பு கோட்டைத் தாண்டிப் பரவவும் இல்லை. விசாரித்தால், வார இறுதியில் ஊருக்குப் போனபோது அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கெட்டியாகப் பூசிவிட்டிருக்கிறார். அதுவரை கோபத்தில் பேசாமல் இருந்தவர், காயத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கெட்டியான எண்ணெய்ப் பூச்சு வியர்வையை அடைத்துக்கொண்டது. மதுரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், காற்றாட விடுவது, அதற்குப் பிறகு களிம்பு பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக. சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ என்னிடம் வராமல் நேராக மருத்துவரிடம் போகச் சொன்னேன். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிட்டது.

மூன்று வாரத்தில் செதில் உதிர்ந்து முடிந்தது. மூலைப் புள்ளி ஒன்றில் மை நிற்கவில்லை, கொப்புளம் இருந்த இடம்தான். இரண்டு மாதம் கழித்து அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன். இதை எழுதும்போது போட்டு எட்டு மாதம் ஆகிறது. தழும்பு இல்லை, கோடுகள் தெளிவாக இருக்கின்றன. தேர்வை மறுபடி எழுதியிருக்கிறார். மருத்துவப் பரிசோதனை இன்னும் வரவில்லை. அங்கே கோலத்தை என்ன சொல்வார்கள் என்பது அப்போதுதான் தெரியும். பெயருக்கு வேண்டிய இடம் கோலத்துக்குக் கீழே காலியாக விடப்பட்டிருக்கிறது. அதைப் போடுவதா வேண்டாமா என்பதையும் அதற்குப் பிறகே முடிவு செய்வதாகப் பேச்சு.

கடையில் மாறியவை

அரசு வேலை, படை, விமான நிறுவனம், வெளிநாட்டு வேலை என்று எதற்காவது முயற்சி செய்கிறீர்களா என்பது இப்போது முதல் கேள்வி. டிசைன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறோம். படைத்துறை என்றால் இடத்தையும் அளவையும் விதியோடு ஒத்துப்பார்த்து எழுதிக் கொடுக்கிறோம்.

தமிழ் எழுத்து வந்தால் ஸ்டென்சிலை அச்செடுத்து, வாடிக்கையாளர் அல்லாத இரண்டு பேர் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பக்கத்து டீக்கடை அண்ணன் இதற்குப் பழகிவிட்டார். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த எழுத்தைப் போடுவதில்லை. கட்டாயம் வேண்டும் என்பவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.

கோடும் புள்ளியுமான டிசைன்களுக்குச் சதுர அங்குலக் கணக்கைக் கைவிட்டு, வேலை நேரத்துக்கு விலை வைத்துப் பார்க்கிறேன். வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆண்டு முடிவில்தான் தொடர்வதா என்று சொல்ல முடியும்.

முதல் டாட்டூவுக்கு ஸ்டென்சிலோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருவதை எல்லாருக்கும் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்பதில்லை. கேட்டவர்களில் சிலர் இடத்தை மாற்றியிருக்கிறார்கள், ஒருவர் வரவே இல்லை.

பராமரிப்புத் தாள் முன்பு ஆங்கிலத்தில் இருந்தது. இப்போது தமிழில், பெரிய எழுத்தில் இருக்கிறது. முதல் வரி எண்ணெய், மஞ்சள், வேப்பிலை எதுவும் பூச வேண்டாம் என்பது. இரண்டு பிரதி கொடுக்கிறோம், ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்கு.